கொப்பியைக் கொடுப்போம், எழுதியதைக் கொடுக்க மாட்டோம்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி. ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி முள்ளியவளையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது காலைச் சாப்பாடு முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஊர்ப் பாடசாலை நிறைந்துவிட்டது. ஈர உடுப்போடு, செருப்பில்லாத காலோடு, யார் யாருடைய பிள்ளைகளையோ தூக்கிக்கொண்டு வந்த சனங்கள்.

எனது கையெழுத்து வடிவாக இருக்கும் என்று சொல்லி ஆசிரியை ஒருவர் என்னிடம் சி.ஆர். கொப்பி ஒன்றைத் தந்தார். பெயர், வயது, ஊர், வீட்டில் எத்தனை பேர், யாரைக் காணவில்லை என்று கோடு போட்டுத் தந்தார். கடைசிக் கோட்டுக்குள் எழுத இடம் போதவில்லை. நான் பக்கத்தின் ஓரத்திலும் எழுதினேன்.

வயதான அம்மா ஒருவர் ஒவ்வொரு நாள் காலையும் என்னிடம் வருவார். “பிள்ளை, என்ர பேத்தியின்ர பேர் உதிலை இருக்கோ எண்டு ஒருக்காப் பார்” என்பார். நான் விரலை வைத்து முதலில் இருந்து கடைசி வரை பார்ப்பேன். இருக்காது. நான்காம் நாள்தான் தெரிந்தது, அந்தப் பிள்ளை முதல் நாளிலிருந்தே வேறொரு பாடசாலையில் இருந்திருக்கிறாள். அங்கே அவளுடைய பதிவுப் பெயரை எழுதியிருந்தார்கள். அம்மம்மா கேட்டதோ வீட்டில் கூப்பிடும் பெயரை. இரண்டு கொப்பிகளுக்கும் இடையில் சில மைல் தூரம். அந்தச் சில மைல்களைக் கடக்க ஒரு கிழவிக்கு நான்கு நாட்கள் எடுத்தன.

சமூகப் பணியாளராக வேலை செய்யும் இந்த வயதிலும் பதிவேடு என்ற சொல்லைக் கேட்டால் அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு வரும். ஆகவே, கணனி படிக்காத நான் ஒரு மென்பொருளைப் பற்றி எழுதுவதைச் சகோதரிகள் புதினமாக எடுக்க வேண்டாம். இதுவும் ஒரு கொப்பியின் கதைதான்.

கொழும்பில் பிறந்த சஹனா

கடற்கோள் வந்த அதே நாட்களில் கொழும்பில் கணனித்துறையில் வேலை செய்த இளைஞர்கள் பலர் தொண்டர்களாக ஒன்றுகூடினார்கள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது, யாரை யார் தேடுகிறார் என்ற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை இல்லை. அதற்காக அவர்கள் சில வாரங்களில் எழுதிய மென்பொருள்தான் ‘சஹனா’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் இதற்குத் தாய்வீடாக இருந்தது. அதை ஆரம்பித்தவர் சஞ்சீவ வீரவரண. சஹனா வேலைக்குத் தலைமை தாங்கியவர் சமிந்திர டி சில்வா.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் இரண்டாம் பகுதி. அவசரத்தில் எழுதியது இலங்கைக்கு மட்டும், அந்த ஒரு அனர்த்தத்துக்கு மட்டும் பொருந்தியது. ஒவ்வொரு குழுவும் தனக்குத் தெரிந்தபடி எழுதியிருந்தது. அதை அப்படியே உலகத்துக்குக் கொடுத்தால் வேறு நாட்டவர் ஒருவரால் பிரித்துப் பார்க்கக்கூட முடியாது. எனவே 2005 இல், சுவீடன் அரசின் அபிவிருத்தி முகவரகத்தின் உதவியுடன், அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு, தேவைகளைக் கேட்டுப் பெறும் பகுதி என்று தனித்தனிக் கூறுகளாக வகுத்தார்கள். பிறகே எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம். சஹனா அங்கே போனது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தென் லெய்த்தேயில் மண்சரிவு, அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம், 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அங்கெல்லாம் போனது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் திரினிட்டி கல்லூரி மாணவர்கள் தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் கூறு ஒன்றை அதற்கு எழுதிச் சேர்த்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தனது 2006 ஆம் ஆண்டு விருதைச் சஹனாவுக்கு வழங்கியது. எங்கள் தீவின் கண்ணீரிலிருந்து பிறந்த ஒரு பொருள் மற்றவர்களின் கண்ணீரைத் துடைக்கப் போயிருக்கிறது.

திறந்த மூலம் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு சிறு விளக்கம். கடையில் கறித்தூள் வாங்கினால் அதில் என்ன எவ்வளவு போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா தான் வறுத்த தூளைத் தந்து, எத்தனை கிலோ செத்தல் மிளகாய், எவ்வளவு மல்லி, எந்தப் பதத்தில் இறக்குவது என்பதையும் சொல்லித் தந்தால், நாங்களே செய்யலாம். உறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். மென்பொருளின் செய்முறை அதன் மூலநிரல். அதை எல்லோருக்கும் திறந்து வைப்பதே திறந்த மூலம். கூறு என்பது அந்தத் தூள் மாதிரி. ஒருதரம் ஒழுங்காகச் செய்து வைத்தால் பல கறிக்கும் போடலாம்.

வெள்ளத்தில் பிறந்த எங்கள் பதிவேடு

2018 டிசம்பர் 21 ஆம் திகதி இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டிய மழையை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. விடியும்போது வயலும் வீதியும் ஒன்றாகக் கிடந்தன. சனங்கள் மறுபடியும் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் பாய் விரித்தார்கள்.

அப்போது எங்களோடு வேலை செய்ய வந்த தங்கச்சி ஒருவர் கணனி படித்தவர். நாங்கள் கொப்பியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் இரண்டு இரவுகளில் தன் மடிக்கணனியில் ஒரு பதிவேட்டை எழுதி முடித்தார். குடும்பத்தைப் பதியலாம். யாருக்கு உலர் உணவு போனது, யாருக்குப் போகவில்லை என்று பார்க்கலாம். பால்மா, மருந்து, மாதவிடாய்த் துணி என்று ஒவ்வொரு வீட்டுத் தேவையையும் தனித்தனியாகக் குறிக்கலாம். இணையத் தொடர்பு இல்லாமலும் வேலை செய்யும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதும் அதையே பயன்படுத்தினோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு வேறு ஊர்களில் இருந்தும் பெண்கள் அமைப்புகள் எங்களைக் கேட்கத் தொடங்கின. “அந்தப் பதிவேட்டை எங்களுக்கும் தாங்கோ.” தங்கச்சிக்கு மகிழ்ச்சி. நாங்கள் பாவிப்பது மட்டும் போதாது, எல்லோரும் எடுக்கட்டும், திறந்த மூலமாக வெளியிடுவோம் என்றார். “ஒரு கிழமை வேலைதான் அக்கா” என்றும் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தது. ஏன் எடுத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பதினேழாவது வரி

ஒரு மென்பொருளை வெளியே கொடுக்கும்போது, அது எப்படி வேலை செய்யும் என்று காட்ட மாதிரித் தரவு வைப்பார்கள். வெறும் கொப்பியைக் காட்டினால் ஒருவருக்கும் விளங்காது. தங்கச்சி 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்து ஐம்பது குடும்பங்களை எடுத்து, பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் அழித்துவிட்டு, மாதிரியாக வைத்திருந்தார். அனுப்புவதற்கு முதல் ஒருதரம் பார்க்கும்படி என்னிடம் தந்தார்.

நான் தேநீர் குடித்துக்கொண்டு வாசித்தேன். பதினேழாவது வரியில் கண் நின்றுவிட்டது. பெயர் இல்லை. ஆனால் கிராமம் இருந்தது, பிள்ளைகளின் வயது இருந்தது, கடைசியில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் ஒரு வசனம் இருந்தது. அந்த வசனத்தை நான் இங்கும் எழுதப் போவதில்லை. தனியே வாழும் ஒரு பெண்ணின் வீட்டைப் பற்றி வெளியாள் ஒருவர் அறியக்கூடாத விடயம் அது என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கிராமத்தில் அறுபது வீடுகள்கூட இல்லை. வாசித்தவுடன் எந்த வீடு என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

அந்த வசனத்தை எழுதியவள் நான்தான். அவருக்கு விரைவாக உதவி கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், வெள்ளத்துக்குள் நின்றுகொண்டு நானே தட்டச்சுச் செய்தது. நல்ல நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனாலும் அது உலகம் முழுவதும் போயிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆய்வு முறையியல் பாடத்தில் ‘தகவல் தருபவரின் இரகசியம் பேணல்’ என்று இரண்டு பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். பெயரை அழித்தால் ஆளை அழித்ததாகாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அமெரிக்காவில் லதான்யா சுவீனி என்ற பெண் ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டியிருக்கிறார். பெயர் இல்லாமல், அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்நாட்டு மக்களில் 87 வீதமானோரைத் தனித்தனியாக இனங்காண முடியும் என்று அவர் கணக்கிட்டார். அவ்வளவு பெரிய நாட்டில் அப்படியென்றால் எங்கள் குளத்தடிக் கிராமத்தில் எப்படி இருக்கும்?

எங்கள் பெண்களுக்குப் பட்டியல் என்றாலே பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது எத்தனை தரம், எத்தனை பேர் வந்து பெயர் பதிந்தார்கள் என்று எங்களில் எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. எங்கே போகிறது என்று தெரியாமலே பெயரைச் சொன்னோம். பின்னர் நுண்கடன் காலம் வந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியல் ஒன்று எப்படியோ வெளியே போய், கடன் கொடுப்பவர்கள் அதே வரிசையில் வீடு வீடாக வந்த கதையை எனக்குத் தெரிந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் சோறும் தரும், படலையில் ஆளையும் கொண்டுவந்து நிறுத்தும்.

அழித்தாலும் அழியாதது

நான் பதறிக்கொண்டு தொலைபேசியில் சொன்னேன். தங்கச்சி உடனே அந்தக் கோப்பை அழித்தார். “சரி, முடிஞ்சுது” என்றேன். மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு, “இல்லையக்கா, இன்னும் இருக்கு” என்றார்.

மென்பொருள் எழுதுபவர்கள் இப்போது பெரும்பாலும் ‘கிட்’ என்ற கருவியில் தங்கள் வேலையைச் சேமிக்கிறார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005 இல் உருவாக்கியது. அது ஒவ்வொரு நாளும் என்ன மாறியது என்பதை முழுவதும் நினைவில் வைத்திருக்கும். இன்றைக்கு ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் நேற்றைய பக்கம் உள்ளே இருக்கும். பிழை விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இது பெரிய உதவி. ஆனால் முழுவதையும் வெளியே திறந்தால், கிழித்த பக்கங்களும் சேர்ந்தே போகும். தேடத் தெரிந்த ஒருவர் நிமிடத்தில் எடுத்துவிடுவார். எங்கள் பழைய பக்கங்களில் பதினேழாவது வரி மட்டும் இல்லை, தரவுக்களஞ்சியத்தின் கடவுச்சொல்லும் கிடந்தது. முதல் இரவின் அவசரத்தில் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டதாகச் சொன்னார்.

ஆகவே பழைய சேமிப்பை எங்களோடேயே பூட்டி வைத்துக்கொண்டு, சுத்தம் செய்த நிரலை மட்டும் எடுத்துப் புதிய சேமிப்பு ஒன்றை முதலாம் பக்கத்தில் இருந்து தொடங்கினார். கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினார். இரகசியமானவை இனி நிரலுக்குள் வராமல் வேறொரு கோப்பில் இருக்கும்படியும், அந்தக் கோப்பு வெளியே போகாதபடியும் ஒழுங்கு செய்தார். மாதிரித் தரவை நாங்கள் இருவரும் இருந்து கற்பனையாக எழுதினோம். இல்லாத ஊர், இல்லாத குடும்பம், இல்லாத தொலைபேசி இலக்கம். ‘குறிப்பு’ என்ற இடத்தையே எடுத்துவிட்டோம். தேவையைக் கேட்கலாம், கதையைக் கேட்கத் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக எமது நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவரின் தகவலை எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக்கூடாது என்பன அதன் அடிப்படைகள். சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு என்று நாங்கள் நினைக்கிறோம். மேசை லாச்சிக்குள் கிடக்கும் சங்கக் கொப்பிக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

பெட்டிக்குள் அடங்காத பெண்கள்

இவ்வளவும் ஆனபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள பெண்களிடமே ஏன் கேட்கக்கூடாது? ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாதர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கூடினோம். தங்கச்சி மடிக்கணனியை வாங்கில் வைத்துப் படிவத்தைக் காட்டினார்.

‘திருமண நிலை’ என்ற இடத்தில் நான்கு தெரிவுகள் இருந்தன. திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, பிரிந்தவர். ஒன்றைத் தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

ஓர் அக்கா எழும்பினார். “2018 இல என்னை விதவை எண்டு ஆர் போட்டது? அவர் இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

யாரும் பதில் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்ட கேள்வியும் இதுதானே. மரணச் சான்றிதழ் எடுக்க மறுப்பவர்களுக்கு, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க 2016 இல் சட்டமே இடம் வைத்தது. எங்கள் படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. தங்கச்சி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் பார்த்த எல்லாப் படிவங்களிலும் அந்த நான்குதான் இருந்தன. ஆனால் அந்த நான்கையும் அப்படியே உலகத்துக்கு அனுப்பியிருந்தால், எங்கள் பிழை எத்தனை ஊர்களில் எத்தனை பெண்களைக் குத்தியிருக்கும்!

இப்போது அந்தக் கேள்வி கட்டாயம் இல்லை. ‘கணவரைக் காணவில்லை’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற தெரிவுகள் வந்திருக்கின்றன. இந்தப் பட்டியலை அந்தந்த ஊர்ப் பெண்களே மாற்றிக்கொள்ளலாம்.

‘குடும்பத் தலைவர்’ என்ற சொல்லும் அன்று போய்விட்டது. கடற்கோளுக்குப் பிறகு கிழக்கில் நடந்ததைச் சிலருக்கு நினைவிருக்கும். பெண்வழியாக வீடு வரும் வழக்கமுள்ள ஊர்களிலும், குடும்பத் தலைவர் ஆண் என்று எடுத்துக்கொண்டு புதிய காணியும் வீடும் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். படிவத்தில் ஒரு சொல், பெண்ணின் கையிலிருந்து வீட்டையே எடுத்துவிடும். நாங்கள் ‘பதிவு செய்பவர்’ என்று மட்டும் போட்டோம்.

பெயரும் பெரிய சிக்கல்தான். வெளிநாட்டு முறையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? கலியாணத்துக்கு முதல் அப்பாவின் பெயர், பிறகு கணவரின் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே தமிழினி ஐந்து விதமாக வருவார். அதோடு பழைய பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும். தேடினாலும் அகப்படாது. எனவே எல்லாம் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டது. பெயருக்கு ஒரே பெட்டி, பக்கத்தில் ‘வீட்டில் கூப்பிடும் பெயர்’ என்று இன்னொரு பெட்டி. அந்த இரண்டாவது பெட்டியைக் கேட்டு வாங்கியவள் நான். முள்ளியவளை அம்மம்மாவுக்காக.

கூட்டம் முடியும்போது மூத்த அம்மா ஒருவர் சொன்னார். “கொப்பியைக் குடுங்கோ பிள்ளையள். அதிலை எழுதினதைக் குடுக்காதேங்கோ.” மூன்று மாதமாக நாங்கள் மண்டையை உடைத்த விடயம் அவருக்கு ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது.

உரிமமும் வழிகாட்டியும்

மிச்சம் இருந்தவை இரண்டு வேலைகள். முதலாவது உரிமம். வெளியே போட்டுவிட்டால் எல்லோரும் எடுக்கலாம்தானே என்று நான் நினைத்தேன். அப்படியில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மென்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டு. ‘எடுக்கலாம்’ என்று எழுத்தில் அனுமதி கொடுக்காவிட்டால் எடுப்பவர் சட்டப்படி பிழை செய்தவராவார். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் தொடக்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதற்கு ஒரு வழி கண்டது. பதிப்புரிமையை வைத்துக்கொண்டே, பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை கொடுக்கும் ஜி.பி.எல். என்ற உரிமம் அது. அதன்படி, திருத்தி வெளியே கொடுப்பவர் தன் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து கொடுக்க வேண்டும். எம்.ஐ.டி. போன்ற உரிமங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் பெண்கள் முதலாவதைத் தெரிந்தார்கள். “வாங்கின சுளகைத் திருப்பிக் குடுக்கேக்கை வெறுஞ்சுளகாக் குடுக்கக்கூடாது” என்பது அவர்களுடைய நியாயம்.

இரண்டாவது வழிகாட்டி. தங்கச்சி எழுதியதை, எங்களில் ஒருவரும் பக்கத்தில் நிற்காமல், இன்னொரு சங்கத்தின் செயலாளர் அக்காவிடம் கொடுத்தோம். மூன்றாம் படியில் நின்றுவிட்டார். தங்கச்சிக்குச் சொல்லாமலே தெரிந்த ஒன்று அங்கே எழுதப்படவில்லை. திருத்தினோம். ஏழாம் படியில் நின்றார். மறுபடி திருத்தினோம். அவர் தனியாக முழுவதையும் நிறுவி, ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பதிந்து, எனக்குத் தொலைபேசி எடுத்த நாள்தான் வேலை முடிந்தது என்று கொண்டோம். இப்போது வழிகாட்டி தமிழில் இருக்கிறது, சிங்களத்தில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை.

வெளியிட்ட பின்

வெளியிட்டுச் சில வாரங்களில் கிழக்கில் இருந்து ஒரு சகோதரி பேசினார். தங்கள் ஊர் மீனவர் குடும்பங்களுக்காகப் படகு, வலை இழப்பைப் பதியும் பகுதியைச் சேர்த்திருக்கிறார்களாம். அதை எங்களுக்கும் அனுப்பினார். கூடவே திகதிக் கணக்கில் ஒரு பிழையையும் கண்டு சொன்னார். சுளகு வெறுமையாகத் திரும்பவில்லை.

ஆனால் பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டும். சஹனாவைத் தொடர்ந்து பராமரிக்க 2009 இல் ஒரு தனி அறக்கட்டளையையே அமைத்தார்கள். எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை. தங்கச்சி கலியாணம் கட்டி வேறு இடம் போனால், வேலை மாறினால் என்ன செய்வது? இப்போது உயர்தரம் முடித்த பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அவரிடம் பழகுகிறார்கள். அதில் ஒருவர் கணனியைத் தொட முதலில் பயந்தவர்.

சகோதரிகளே, மென்பொருள் எழுதுவது எல்லோருடைய வேலையும் இல்லை. ஆனால் பெயர் கொடுக்காத, பெயர் எழுதாத பெண் எங்களில் எவர்? அடுத்த முறை ஒருவர் பட்டியலோடு உங்கள் படலைக்கு வந்தால் இவற்றைக் கேளுங்கள். இது எதற்கு? இந்தக் கேள்வி எல்லாம் அதற்குத் தேவைதானா? யார் பார்ப்பார்கள்? எங்கே வைத்திருப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? நான் சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விட்டால் எனது பங்கு குறையுமா? நீங்களே பட்டியல் எழுதுபவராக இருந்தால், எழுத முதல் இதே கேள்விகளை உங்களிடம் கேளுங்கள்.

2004 இல் நான் எழுதிய சி.ஆர். கொப்பி இன்று இல்லை. இடப்பெயர்வுகளில் எங்கோ போய்விட்டது. நீண்ட காலம் அதற்காகக் கவலைப்பட்டேன். அதில் எத்தனை பேரின் துயரம் பக்கத்தின் ஓரம் வரை எழுதிக் கிடந்தது என்பதை நினைக்கும்போது, அது எவர் கையிலும் அகப்படாமல் போனதும் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பதினேழாவது வரிக்கு உரிய அக்காவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். “எழுதேக்கை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்” என்றார்.

ஓம். கேட்டிருக்கலாம்.